ஊராட்சியா, பேரூராட்சியா, மாநகராட்சியா? காட்பாடியை ஒட்டிய ஓர் ஊரின் கணக்கு

எங்கள் ஊர் முனையில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. ஜெராக்ஸ், ஆன்லைன் சான்றிதழ், அப்புறம் மனு எழுதிக் கொடுப்பது. திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் குறைதீர்வு நாள் என்பதால் ஞாயிறு சாயங்காலம் கடையில் கூட்டம் சேரும். போன மாதம் ஒரே ஞாயிறில் மூன்று மனு வந்தது. மூன்றும் எங்கள் ஊராட்சியைப் பற்றியவை. புது நகர்க்காரர்கள் கொண்டுவந்த மனு, ஊரை வேலூர் மாநகராட்சியோடு சேர்க்கச் சொன்னது. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் கொண்டுவந்தது, சேர்க்கவே கூடாது என்றது. ஊர்ப் பெரியவர்கள் சிலர், திருவலம் மாதிரி நம்மையும் தனிப் பேரூராட்சியாக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மூன்றையும் நான்தான் டைப் அடித்தேன்.

மூன்றிலும் நியாயம் இருந்தது. மூன்றிலும், இல்லாத அதிகாரத்தை யாரோ ஒருவரிடம் எதிர்பார்ப்பதும் இருந்தது. ஒரு மனு எம்.பி.க்கு, ஒன்று ஊராட்சித் தலைவருக்கு, ஒன்று கலெக்டருக்கு. இந்த முடிவை எடுக்கும் இடம் மூன்றுமே இல்லை. அதனால்தான் மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிப் பார்த்தேன். மாநகராட்சி எல்லையில் இருக்கிற எந்த ஊருக்கும் இது உதவும் என்பதால் ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். பாலாற்றுக்கு வடக்கே, காட்பாடியைத் தாண்டினால் வரும் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரின் ஒரு பாதி பழைய ஊர். கழனி, ஏரி, ஏரிக்கரை அம்மன் கோயில். இன்னொரு பாதி இருபது வருடத்தில் முளைத்த நகர்கள். கழனியைப் பிளாட் போட்டு விற்றார்கள், கல்லூரிக்கு வந்தவர்களும் ரிட்டயரானவர்களும் வீடு கட்டினார்கள். நகர் வீடுகளின் கழிவுநீருக்குப் போக்கிடம் இல்லாமல் அது வாய்க்கால் வழியாக ஏரிக்கு வருகிறது. மூன்று மனுவுக்கும் அடியில் இருப்பது இந்தத் தண்ணீர்தான்.

முதலில், முடிவு யார் கையில் என்பதைப் பார்த்துவிடுவோம். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்று இருக்கிறது. உள்ளாட்சி என்பது மாநிலப் பட்டியலில் 5-ஆவது இனம். ஓர் ஊராட்சியை எடுத்து மாநகராட்சியில் சேர்க்க நாடாளுமன்றத்துக்கு வேலையே இல்லை. 1992-ல் 73, 74-ஆம் திருத்தங்கள் வந்து, 1993-ல் நடைமுறைக்கு வந்தபோது, ஊராட்சியும் நகராட்சியும் நாடு முழுக்க இருந்தே தீர வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடந்தே தீர வேண்டும் என்று ஆனது. ஆனால் எந்த ஊர் எந்த வகை என்று சொல்வதை 243-கியூ பிரிவு மாநில அரசின் அறிவிக்கைக்கே விட்டிருக்கிறது. ஊராட்சிகளுக்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டம், நகரங்களுக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டும் சென்னையில் போட்டவை. அரசு முதலில் தன் உத்தேசத்தை அறிவிக்கும், ஆட்சேபணை கேட்கும், பிறகு முடிவை அறிவிக்கும். கலெக்டர் அறிக்கை அனுப்புவார். கையெழுத்து தலைமைச் செயலகத்தில்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதல்ல. என் அப்பா சாகும்வரை கடித முகவரியில் வட ஆற்காடு மாவட்டம் என்றே எழுதினார். அந்த மாவட்டத்துக்கு 1911 வரை சித்தூர்தான் தலைநகரம். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, நாங்கள் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமானோம். அப்புறம் வெறும் வேலூர் மாவட்டம். 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்து போயின. இவ்வளவு மாற்றத்திலும் யாரும் எங்களிடம் ஓட்டுக் கேட்கவில்லை. மாநிலம் தன் உள்ளமைப்பை மாற்றும் விதமே அதுதான்.

ஆகவே, எம்.பி.யிடம் மனு கொடுப்பது தப்பில்லை, அவர் ஒரு வார்த்தை சொல்லலாம், ஆனால் அவர் கையில் கோப்பு இல்லை. எங்கள் எம்.பி. யார் என்பதிலேயே பாதிப் பேருக்குக் குழப்பம். காட்பாடி சட்டமன்றத் தொகுதி வேலூர் மாவட்டத்தில் இருந்தாலும், நாடாளுமன்றத்துக்கு அது அரக்கோணம் தொகுதியில் வருகிறது. 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தாகி ஆகஸ்ட் 5-ல் நடந்தது நினைவிருக்கும். பாலாற்றுக்குத் தெற்கே மாநகராட்சிக்காரர்கள் ஆகஸ்ட்வரை காத்திருந்தார்கள். வடக்கே காட்பாடியில் நாங்கள் ஏப்ரல் 18-லேயே ஓட்டுப் போட்டு முடித்திருந்தோம். ஒரே மாநகராட்சி, இரண்டு எம்.பி. மாநகராட்சியில் சேர்ந்தால் வேலூர் எம்.பி. நமக்கு வருவார் என்று ஒருவர் மனுவில் எழுதச் சொன்னார். வரமாட்டார். தொகுதி எல்லைகள் மறுவரையறையில்தான் மாறும், உள்ளாட்சி எல்லையோடு சேர்ந்து நகராது.

இதோடு சேர்த்து, மூன்று வழியில் எதில் போனாலும் மாறாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டா, சிட்டா, வாரிசுச் சான்று எல்லாம் வருவாய்த் துறை. அதே கிராம நிர்வாக அலுவலர், அதே தாசில்தார். ரேஷன் கடை, மின்வாரியம், காவல் நிலையம் மாநிலத்தின் கையில். காட்பாடி ஜங்ஷன் ரயில்வேயுடையது. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை ஒன்றிய அரசின் ஆணையத்துடையது. வேலூர்க் கோட்டை மாநகராட்சியின் நடு வயிற்றில் இருந்தும் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பு. எங்கள் ஏரியும் அப்படித்தான். தமிழ்நாட்டில் நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி மாநில நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும். எங்களுடையது பெரிய ஏரி. மாநகராட்சி வந்தால் ஏரியைத் தூர்வாரிக் கொடுக்கும் என்று மனுவில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன், எடுத்துவிட்டார்கள்.

காவிரித் தண்ணீருக்காகவும் மாநகராட்சி தேவையில்லை. மேட்டூரிலிருந்து வரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் நகரங்களோடு கிராமக் குடியிருப்புகளும் இருக்கின்றன.

சரி, மாநகராட்சி. வேலூர் நகராட்சி 1866-லேயே உண்டானது. 2008 ஆகஸ்டில் மாநகராட்சியானது. 2011 வாக்கில் சத்துவாச்சாரி, தாராபடவேடு, கழிஞ்சூர் போன்ற, அதுவரை தனித்தனி உள்ளாட்சிகளாக இருந்தவை உள்ளே வந்து 60 வார்டு ஆனது. நாலு மண்டலம், அதில் ஒன்று காட்பாடி. எங்கள் நகர்களுக்கும் காட்பாடி மண்டலத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு சாலைதான். சாலையின் அந்தப் பக்கம் குப்பை வண்டி வருகிறது, இந்தப் பக்கம் குப்பையை எரிக்கிறார்கள். இதைத் தினமும் பார்க்கிறவர்களிடம், மாநகராட்சி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மாநகராட்சியின் பலம் ஆள்பலம்தான். ஆணையர், பொறியாளர்கள், சுகாதார அலுவலர், நகரமைப்புப் பிரிவு எல்லாம் இருக்கிறது. பாதாள சாக்கடை போடுவதற்குத் திட்டம் தீட்ட, டெண்டர் விட, சுத்திகரிப்பு நிலையம் நடத்த இந்த ஆட்கள் வேண்டும். ஊராட்சியில் இருப்பவர் யார்? ஒரு செயலர், டேங்க் ஆபரேட்டர்கள், தூய்மைக் காவலர்கள். பொறியாளர் ஊராட்சி ஒன்றியத்தில் இருப்பார், அந்த ஒன்றியம் முழுக்க அவர்தான் பார்க்க வேண்டும். ஒரு கல்வெர்ட் கட்ட அவர் வந்து அளவெடுக்கும்வரை காத்திருக்கிறோம். இந்த அளவில் வைத்துப் பார்த்தால் நகர்க்காரர்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆயிரம் வீட்டுக் கழிவுநீரை ஒரு கிராம ஊராட்சி தனியாகக் கையாள முடியாது.

டெல்லியின் கதவும் மாறும். ஒன்றிய அரசு திட்டங்களை ஊரகம், நகரம் என்று பிரித்தே வைத்திருக்கிறது. வீட்டுக்குக் குழாய் என்றால் ஊருக்கு ஜல் ஜீவன், நகரத்துக்கு அம்ருத். வீடு கட்டும் திட்டத்தில் ஊரகத்துக்கு ஒன்று, நகர்ப்புறத்துக்கு ஒன்று. தூய்மை இந்தியாவும் இரண்டு. 2016-ல் வேலூர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தபோது வந்த பணம் எல்லைக்கோட்டோடு நின்றுவிட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. ஊர் எந்த வகை என்று மாநிலம் சொல்வதுதான், டெல்லியின் எந்தக் கதவை நாம் தட்டலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. மூன்று அடுக்கு அரசும் ஒன்றோடொன்று பின்னியிருப்பது இந்த இடத்தில் நன்றாகத் தெரியும்.

இப்போது விலை. வரி கூடும். 2022 ஏப்ரலில் தமிழக அரசு நகர்ப்புறச் சொத்து வரியை உயர்த்தியபோது, சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள குடியிருப்புகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் ஏறியது. அந்த உயர்வு கிராம ஊராட்சி வீட்டு வரியைத் தொடவில்லை. காலி மனைக்கும் மாநகராட்சியில் வரி உண்டு. ஊரில் அண்ணன் தம்பி நாலு பேருக்குப் பாகம் பிரிந்து சும்மா கிடக்கும் மனைகளுக்கு இது புதுச் செலவு. நான் வரி ஏறுவதை மட்டும் வைத்து மாநகராட்சியை மறுக்க மாட்டேன். சாக்கடைக்குப் பணம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஆனால் சாக்கடை வருவதற்குப் பல வருடம் முன்பே வரி வந்துவிடும், அதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்வேன்.

வரியைவிடப் பெரிய விலை ஏரி வேலை. எங்கள் பக்கம் நூறு நாள் வேலைக்கு அதுதான் பேர். மனு எழுத வந்த ஓர் ஆயா கேட்டார்: "ஏம்பா, டவுனு ஆயிட்டா ஏரி வேலை நின்னுபூடுமா?"

"நின்னுடும் ஆயா. அது கிராமத்துக்கு மட்டும் உள்ள சட்டம்."

"அப்ப அதுக்குப் பதிலா எனுக்கு இன்னா குடுப்பாங்க?"

என்னிடம் பதில் இல்லை. அந்த மனுவில் கையெழுத்தும் கைநாட்டுமாக 83 பேர் இருந்தார்கள். பெரும்பாலும் அறுபதைத் தொட்டவர்கள், கணவனை இழந்தவர்கள். கழனி வேலை குறைந்துவிட்ட ஊரில் அவர்கள் கையில் நேராக வரும் காசு அது ஒன்றுதான். 2005-ல் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தில் தொடங்கியது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அதற்குப் பதில் புதுச் சட்டம் கொண்டுவந்து, நாட்களை 125 ஆக்கி, செலவில் மாநிலத்தின் பங்கை 40 சதவீதமாக உயர்த்தியது. எப்படி மாறினாலும் அது ஊரகத்துக்கு மட்டும்தான். நம் மாவட்டத்திலேயே நாகநதிக் கரை ஊர்களில் இந்த வேலைக்குப் போன பெண்கள்தான் ஆற்றில் நீர்செறிவுக் கிணறுகளைக் கட்டி நிலத்தடி நீரை ஏற்றினார்கள். ஆகவே, சும்மா உட்கார்ந்து வாங்கும் கூலி என்று கடையில் யாராவது பேசினால் நான் விடுவதில்லை. 2024 கடைசியில் தமிழக அரசு பல மாநகராட்சிகளை விரிவாக்கப் போவதாகச் சொன்னபோது, பல மாவட்டங்களில் பெண்கள் கலெக்டர் ஆபீசுக்கு முன்னால் நின்றதும் இந்த வேலைக்காகத்தான்.

மாநில அரசின் கலைஞர் கனவு இல்லமும் ஊரகத் திட்டம். குடிசையை மாற்றி வீடு கட்ட 3.5 லட்சம். பழைய ஊரில் இன்னும் குடிசைகள் இருக்கின்றன. பயனாளிப் பட்டியலில் பெயர் வந்த பிறகு ஊர் மாநகராட்சியானால் என்ன ஆவது? யாரும் இதைக் கேட்கவே இல்லை. மனுவில் ஒரு பத்தி சேர்க்கச் சொன்னேன்.

அடுத்தது ஓட்டு. இது பணத்தில் அளக்க முடியாதது, ஆனால் எனக்கு இதுதான் முக்கியம். டெல்லியில் பிரதமரை நாம் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிறோம், மக்களவையில் பெரும்பான்மை யாருக்கோ அவர் பிரதமர், பெரும்பான்மை போனால் அவரும் போவார். சென்னையில் 234 பேர் கொண்ட சட்டமன்றத்திலும் அதே முறை. மாநகராட்சியும் இப்போது அந்த முறையில்தான் நடக்கிறது. 2011-ல் மேயருக்கு மக்கள் நேராக ஓட்டுப் போட்டார்கள். 2022 பிப்ரவரி தேர்தலில் கவுன்சிலர்களுக்கு மட்டும் ஓட்டு, மேயரை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். பேரூராட்சித் தலைவரும் அப்படியே. கிராம ஊராட்சித் தலைவர் மட்டும்தான் இன்றைக்கும் ஊர் மொத்தமும் நேராக ஓட்டுப் போட்டு வருகிறவர், அதுவும் கட்சிச் சின்னம் இல்லாமல். எங்கள் ஊரில் அவரை டீக்கடையில் பிடிக்கலாம். மாநகராட்சியில் எங்கள் ஊர் 60-க்கு மேல் ஒரு வார்டாக இருக்கும். மக்கள்தொகை போதாவிட்டால் பக்கத்து நகரோடு சேர்ந்த அரை வார்டாகவும் இருக்கலாம்.

கிராம சபையும் போய்விடும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் எழுந்து வரவு செலவைக் கேட்கலாம். நகரங்களில் 2022 முதல் வார்டு குழு, பகுதி சபை என்று வந்திருப்பது நல்ல தொடக்கம்தான். ஆனால் வார்டு குழுவில் உட்காருபவர்கள் நியமிக்கப்படுபவர்கள், தலைமை கவுன்சிலருக்கு. கிராம சபையில் என் பக்கத்து வீட்டு அக்கா எழுந்து, தெருவிளக்குக்கு எத்தனை பல்பு வாங்கினீர்கள் என்று கேட்டு, பில்லை எடுத்துவரச் செய்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பேரூராட்சிக்கு வருகிறேன். இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வேலூர் மாவட்டத்தில் இப்போது நாலு பேரூராட்சி: திருவலம், பள்ளிகொண்டா, ஒடுகத்தூர், பென்னாத்தூர். ஊர்ப் பெயர் நிற்கும், சொந்த மன்றம் இருக்கும், முழுநேரச் செயல் அலுவலர் ஒருவர் வருவார். பெரியவர்களுக்குப் பெயர் நிற்பது பெரிய விஷயம், அது எனக்கும் புரிகிறது. ஆனால் சட்டத்தின் கண்ணில் பேரூராட்சியும் நகர்ப்புறம்தான். ஏரி வேலை போகும், கிராம சபை போகும், நகர்ப்புற வரி வரும். அதற்கு ஈடாக மாநகராட்சியின் பொறியாளர் பட்டாளமோ பாதாள சாக்கடையோ வராது. திருவலத்துக்குப் பொன்னையாற்றங்கரையில் பழைய கடைவீதி, கோயில், சுற்றி இருக்கும் கிராமங்கள் வந்துபோகும் சந்தை மாதிரி ஒரு நடமாட்டம் உண்டு. எங்களுக்கு அது இல்லை. எங்கள் கடைவீதியே காட்பாடி. இந்த வகை நிலையானதும் இல்லை. 2004-ல் மாநில அரசு பெரும்பாலான பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சி என்று மாற்றி, 2006-ல் திரும்பப் பேரூராட்சி ஆக்கியது. இரண்டு பக்கத்து நஷ்டமும் சேர்ந்து வரும் வழி என்றே எனக்குப் படுகிறது. பெரியவர்களிடம் இதை நேரிலும் சொன்னேன். ஒருவர் கோபித்துக்கொண்டு மூன்று நாள் கடைப் பக்கம் வரவில்லை.

கடைசியாக, இருக்கிறபடியே ஊராட்சியாக இருப்பது. இதன் நல்லதை மேலேயே சொல்லிவிட்டேன். கெட்டதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊராட்சியின் சொந்த வருமானம் வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், இன்னும் சில கட்டணங்கள். மீதியெல்லாம் மேலிருந்து வருவது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை எல்லா உள்ளாட்சிகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் மாநில நிதிக்குழு மானியம் ஒன்று. ஒன்றிய நிதிக்குழு மானியம் இன்னொன்று. 15-ஆவது நிதிக்குழுவின் 2021 - 26 காலத்தில் இந்த ஒன்றிய மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும்தான் செலவழிக்க முடியும் என்று கட்டு இருந்தது. கையில் காசு வந்தாலும் எதற்குச் செலவழிப்பது என்பது மேலேயே எழுதப்பட்டு வருகிறது.

அதிகாரமும் அப்படித்தான். பதினோராவது அட்டவணையில் 29 விஷயங்கள் ஊராட்சிகளுக்கு என்று பட்டியல் இருக்கிறது. அவற்றைக் கொடுக்கலாம் என்றுதான் அரசமைப்பு சொல்கிறது, எவ்வளவு கொடுப்பது என்பது மாநிலத்தின் விருப்பம். மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். ஊர் மொத்தமும் தேர்ந்தெடுத்த தலைவரைப் பதவி நீக்கும் நடவடிக்கையை 1994 சட்டத்தின் 205-ஆம் பிரிவில் அவர் தொடங்கலாம். ஒரு எம்.எல்.ஏ.வை எந்த அதிகாரியும் அப்படிச் செய்ய முடியாது. நேராக ஓட்டு வாங்கியவருக்குக் காப்பு குறைவு. இது எனக்கு ரொம்ப நாளாக ஆறாத விஷயம்.

தேர்தலே நடக்காத காலமும் உண்டு. 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. தமிழ்நாட்டில் 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மாவட்டம் பிரித்ததால் வேலூரும் இன்னும் எட்டு மாவட்டங்களும் 2021 அக்டோபர்வரை காத்திருந்தன. ஐந்து வருடம் முழுசாகத் தனி அலுவலர் ஆட்சி. அந்தக் காலத்தில் ஒரு கோடையில் எங்கள் தெரு போர் மோட்டார் புகைந்து போனது. யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் நாங்களே வீட்டுக்கு இருநூறு ரூபாய் போட்டு காயில் கட்டினோம். அலுவலர் கெட்டவர் இல்லை, அவருக்குப் பல ஊர் இருந்தது. நம் ஊரில் நின்று பதில் சொல்ல ஓட்டு வாங்கியவர் ஒருவர் இல்லாமல் போனதுதான் குறை.

2021 அக்டோபரில் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு முடிகிறது. மற்ற 27 மாவட்டங்களில் 2025 ஜனவரியிலேயே முடிந்து, தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். என் பயமெல்லாம் இங்கேதான். மன்றம் இல்லாத நேரத்தில் ஊரின் வகை மாறினால், ஊருக்காகத் தீர்மானம் போடவும் ஆட்சேபணை எழுதவும் ஓட்டு வாங்கிய ஆள் இருக்கமாட்டார்.

ஆக, மூன்றையும் வைத்துப் பார்த்து நான் எங்கே நிற்கிறேன்? பேரூராட்சி வேண்டாம். மற்ற இரண்டில், முழு ஊரையும் ஒரே பக்கம் தள்ளுவது தப்பு என்று நினைக்கிறேன். சாலைக்கு இந்தப் பக்கம், காட்பாடி மண்டலத்தை ஒட்டி இருக்கும் எங்கள் நகர்கள் மாநகராட்சிக்குப் போகட்டும். அங்கே கழனி இல்லை, ஏரி வேலைக்குப் போகிறவர் இல்லை, தேவை சாக்கடை. பழைய ஊரும் கழனியும் ஏரியும் ஊராட்சியாக நிற்கட்டும். ஓர் ஊராட்சியின் ஒரு பகுதியை மட்டும் நகர்ப்புறத்தோடு சேர்க்க அரசால் முடியும். நகர்கள் பிரிந்து போனால் ஊராட்சியின் வீட்டு வரியில் நல்ல பங்கும் போகும், அது உண்மையான நஷ்டம்தான். ஆனால் கழிவுநீரும் போகும். ஏரி திரும்பக் கிடைத்தால் அந்த நஷ்டம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

எல்லா ஊருக்கும் இதே பதில் வராது. கழனியே மிஞ்சாத ஊர் என்றால் தாமதிக்காமல் மாநகராட்சிக்குப் போவதே சரி. அங்கே கிராமம் என்ற பெயருக்காக நின்றால் குப்பைதான் எரியும். எல்லையிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, நகர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் ஊர் என்றால் முழுசாக ஊராட்சியாகவே இருக்கலாம், கழிவுநீருக்கு ஊராட்சி ஒன்றியத்தோடு சேர்ந்து ஒரு வழி தேடலாம். உங்கள் ஊரில் மனு எழுதுமுன் மூன்று விஷயத்தை எண்ணிப் பாருங்கள்: ஏரி வேலைக்கு எத்தனை பேர் போகிறார்கள், கழிவுநீர் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது, மாநகராட்சியின் குழாய் உங்கள் எல்லையிலிருந்து எத்தனை தெரு தூரம். நாங்கள் மனு எழுதிய பிறகுதான் எண்ணினோம்.

அவசரமும் இல்லை. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக, 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு நிர்வாக எல்லைகளை மாற்ற வேண்டாம் என்று ஒன்றிய அரசு மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. உள்ளாட்சி மாநிலத்தின் உரிமை என்றாலும் கணக்கெடுப்பு டெல்லியுடையது, அதனால் கோடுகள் கொஞ்ச காலம் நிற்கும். இந்த இடைவெளி ஊருக்குக் கிடைத்த நேரம்.

மூன்று மனுக்காரர்களையும் ஒரு சாயங்காலம் கடையில் உட்கார வைத்தேன். இரண்டு மணி நேரம் ஆனது, சத்தமும் வந்தது. கடைசியில் நாலாவதாக ஒன்று டைப் அடித்தேன், இந்த முறை கிராம சபைத் தீர்மான வரைவாக. நகர்த் தெருக்களின் பெயர்களைச் சர்வே எண்ணோடு பிரித்து எழுதியிருக்கிறோம். பழைய ஊருக்கு ஏரி வேலையும் கனவு இல்லப் பட்டியலும் தொடர வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத காலத்தில் எந்த மாற்றமும் கூடாது என்று ஆயா சொன்னதை அவர் சொன்ன மாதிரியே, எழுத்து நடைக்கு மாற்றி, முதல் வரியாக வைத்தோம். இந்தத் தீர்மானம் அரசைக் கட்டிப்போடாது. ஆனால் கோப்போடு சென்னைக்குப் போகும், நாளைக்கு யாராவது நீதிமன்றம் போனால் அங்கேயும் பேசும்.

எங்கள் ஊர் மக்கள்தொகைக்குக் கிராம சபையில் 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும், அதுதான் குறைவெண் வரம்பு. போன தடவை வந்தவர்கள் எழுபது பேர். இந்த மன்றம் இருக்கும்போதே கூடும் கடைசி கிராம சபை அக்டோபர் 2. அன்றைக்குக் கல்லூரிக்கும் கம்பெனிக்கும் லீவு, நகர்க்காரர்கள் வீட்டில்தான் இருப்பார்கள். வரைவை ஐந்நூறு காப்பி போட்டு வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு எடுத்துப் போகிறார்கள், ஒன்று வீட்டுக்கு, ஒன்று பக்கத்து வீட்டுக்கு.